டவர் அலையை அளக்கப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் செல்போன் டவர் அலையை அளக்க நின்றிருந்தோம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி மீட்டரைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அஞ்சு வோல்ட் காட்டுது, லிமிட்டைத் தாண்டிடுச்சு" என்றார். தாண்டவில்லை. நல்லவேளை, குடியிருப்போர் சங்கச் செயலாளர் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

2013இல் நானும் இதே தவறைச் செய்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பேட்டரியை சார்ஜ் போடாமல் போவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு நாள் வெயிலில் வீணாக நின்றால் தானாகவே பழகிவிடும்.

வோல்ட்டைப் பத்தால் வகுப்பது

டவர் அலைக்கான வரம்பை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒன்று திறன் அடர்த்தி, அதாவது ஒரு சதுர மீட்டரில் எத்தனை வாட் விழுகிறது என்பது. இன்னொன்று மின்புலம், அதாவது ஒரு மீட்டருக்கு எத்தனை வோல்ட் என்பது. ஐக்னிர்ப் என்ற பன்னாட்டு ஆணையம் 900 மெகாஹெர்ட்ஸுக்குப் பொதுமக்களுக்காக வைத்த அளவு 4.5 வாட். அதையே மின்புலமாகச் சொன்னால் சுமார் 41 வோல்ட். இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் இதைப் பத்தில் ஒரு பங்காக, 0.45 வாட்டாகக் குறைத்தது.

இங்கேதான் சறுக்குகிறார்கள். "பத்தில் ஒரு பங்கு" என்று காதில் விழுந்ததும் 41ஐயும் பத்தால் வகுத்து 4.1 வோல்ட் என்று நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். பத்தில் ஒரு பங்கானது திறன். ஆன்டெனாவிலிருந்து தள்ளி நிற்கும் இடத்தில், வோல்ட்டை அந்த வோல்ட்டாலேயே பெருக்கி 377ஆல் வகுத்தால்தான் வாட் கிடைக்கும். ஆகவே திறன் பத்தில் ஒன்றாகும்போது வோல்ட் சுமார் 3.16 மடங்குதான் குறையும். சரியான எண் 13.

2013இல் எனக்கு வந்தது 6 வோல்ட். வரம்பைப் போல ஒன்றரை மடங்கு என்று அங்கேயே வாய்விட்டுச் சொன்னேன். உண்மையில் அது சதுர மீட்டருக்கு 0.095 வாட், வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு. மேல்மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. மகளுக்கு ஏழாம் மாதம். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நல்லாப் பாத்துச் சொல்லுப்பா" என்றார். நான் பார்க்கவில்லை. மறுவாரம் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் என் நோட்டைப் பார்த்துத் திருத்தினார். உடனே ஓடினேன். அதற்குள் வீட்டைக் காலி செய்திருந்தார்கள். ஒப்பந்தக் காலத்துக்கு முன்பே போனதால் பத்து மாத அட்வான்ஸில் ஒரு பகுதியை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டாராம். ஒரு வர்க்கக் கணக்கைப் போடாததற்கு இன்னொருவர் பணம் கட்டினார். இன்றும் யாராவது 4.1 என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதுங்கள். வோல்ட்டில் வந்ததை வாட்டுக்கு மாற்றிய பிறகே வரம்போடு ஒப்பிடுங்கள்.

ஒவ்வொரு அலைவரிசையையும் தனியாகப் பார்த்து "பாஸ்" போடுவது

இந்தத் தவறு எதிர்ப்பக்கமாக இழுக்கும், அதனால் இன்னும் ஆபத்து. 2012 வரம்புப்படி 900க்கு 0.45 வாட், 1800க்கு 0.9, 2100க்கும் அதற்கு மேலும் 1. ஒரே மாடியில் மூன்று நிறுவனங்களின் ஆன்டெனா இருந்தால், ஒவ்வொன்றும் அதனதன் வரம்பில் எத்தனை பங்கு என்று பார்த்து எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். 900இல் 60 சதவீதம், 1800இல் 50 சதவீதம் என்றால் இரண்டும் தனித்தனியே உள்ளேதான் இருக்கின்றன. கூட்டினால் 110. அந்த இடம் தேறாது.

டவருக்கு நேர் கீழே மட்டும் அளப்பது

ஆன்டெனா தன் அலையைக் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக, சற்றே கீழ்நோக்கி அனுப்புகிறது. பெரும்பாலும் நேர் கீழே உள்ள வீட்டில் குறைவாகத்தான் இருக்கும். எதிர் வீட்டின் அதே உயர மாடிதான் முக்கியம். திருவல்லிக்கேணி மாதிரி நெருக்கமான சந்துகளில் எதிர் மாடி கைக்கெட்டும் தூரம். அனுமதி கேட்டு அங்கே ஏறுங்கள். அவர்கள் புகாரே கொடுக்காவிட்டாலும் சரி.

சட்டைப் பையில் போன்

அணைத்துவிட்டு அளக்கவும்.

எஸ்.ஏ.ஆர். எண்ணை அப்படியே ஒப்பிடுவது

போனின் அலையில் ஒரு கிலோ உடல் திசு எத்தனை வாட்டை உறிஞ்சுகிறது என்பதுதான் எஸ்.ஏ.ஆர். அதன் வரம்பு இந்தியாவில் 1.6, ஐரோப்பாவில் 2. இதை வைத்து இங்கே கொஞ்சம்தான் கடுமை என்று நினைக்காதீர்கள். நம்முடையது ஒரு கிராம் திசுவின் சராசரி, அவர்களுடையது பத்து கிராமின் சராசரி. இரண்டும் வேறு வேறு அளவுகோல். தவிர, அந்த எண் போன் முழுத் திறனில் அனுப்பும்போது எடுத்தது. சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் போன் தன் திறனைத் தானே குறைத்துக்கொள்ளும். லிஃப்டிலும் அடித்தள வண்டி நிறுத்தத்திலும் ஏற்றிக்கொள்ளும். அங்கே நின்று நீளமாகப் பேசாமல் இருப்பது, குறைந்த எண் போட்ட போனைத் தேடி வாங்குவதைவிடப் பயன் தரும்.

தடுப்பு ஸ்டிக்கர்

அலையைத் தடுக்கும் என்று சொல்லி போனில் ஒட்ட விற்பது. வாங்க வேண்டாம்.

கணக்கு முடியும் முன் பேசுவது

மாடியில் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு சிலர் நிற்பார்கள். "எவ்வளவு?" என்று கேட்பார்கள். ஐந்து நிமிடம் கேளுங்கள், கொடுப்பார்கள். அந்தத் தம்பியையும் அன்று படிக்கட்டில் உட்கார்ந்து கணக்குப் போடச் சொன்னேன். 0.066 வாட் வந்தது. அதற்கப்புறம்தான் செயலாளரைக் கூப்பிட்டோம்.