தலைமாட்டிலிருந்து தூண் வரை: தில்லி வீட்டை நிலநடுக்கத்துக்கு ஆயத்தப்படுத்துதல்

2025 பிப்ரவரி 17 அன்று காலை 5.36 மணிக்குத் தௌலா குவான் பகுதியில் மையம் கொண்ட நிலநடுக்கத்தின் அளவு 4.0 மட்டுமே. ஆனால் அது ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஆழத்திலேயே நிகழ்ந்ததால், தில்லி முழுவதும் உறக்கத்திலிருந்து எழுந்தது. மயூர் விகாரில் மூன்றாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டில், பரணில் கவிழ்த்து வைத்திருந்த பித்தளை அண்டா சில விநாடிகள் கிணுகிணுத்தது. அந்தப் பரணுக்கு நேர் கீழேதான் அம்மாவின் கட்டில் கிடந்தது. அன்று எதுவும் விழவில்லை என்றாலும், மாலைக்குள் கட்டிலை எதிர்ச்சுவர்ப் பக்கம் நகர்த்தி, அண்டாவைத் தரைக்கு இறக்கிவிட்டோம். இந்த வேலையை எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் விடை அதுதான்: இரவில் தலை வைத்துப் படுக்கும் இடத்தில் தொடங்குங்கள்.

இந்தியக் கட்டுமானத் தர நெறியான ஐ.எஸ். 1893, தன் 2002, 2016 பதிப்புகளில் தில்லியை நான்காம் மண்டலத்தில் வைத்தது. சென்னை மூன்றாம் மண்டலத்தில் இருந்தது. மண்டல எண் கூடினால் நிலநடுக்க ஆபத்தும் கூடும். ஊரில் வீடு கட்டிய பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்பதை இதிலிருந்தே உணரலாம். ஆபத்து நகரின் அடியிலிருந்து மட்டும் வருவதில்லை. 1803இல் கார்வால் இமயமலையில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கம் அத்தனை தொலைவிலிருந்தும் குதுப் மினாரின் உச்சி மண்டபத்தை வீழ்த்தியது. யமுனைக் கரையின் வண்டல் மணலில் எழுந்த கிழக்குத் தில்லிக் குடியிருப்புகளில், பாறை மேட்டிலுள்ள பகுதிகளைக் காட்டிலும் அதிர்வு பெருகித் தெரியும். நீர் ஊறிய மணல் கடுங்குலுக்கலில் தன் பிடிமானத்தை இழந்து குழம்பாகிவிடவும் கூடும்.

படுக்கையறையில் கட்டிலின் தலைமாடு கண்ணாடிச் சன்னலுக்கும் கனமான படச் சட்டத்துக்கும் கீழே இருக்கக் கூடாது. கட்டிலுக்கு அடியில் ஒரு டார்ச்சும் அடி தடித்த செருப்பும் எப்போதும் இருக்கட்டும். இருட்டில் உடைந்த கண்ணாடியின் மேல் வெறுங்காலோடு நடந்து அடிபடுவது சாதாரணமாக நிகழ்வது.

அடுத்தது பீரோ. இரும்பு பீரோ, புத்தக அலமாரி, குளிர்சாதனப் பெட்டி ஆகிய மூன்றும் உயரமானவை, எளிதில் கவிழ்பவை. எல் வடிவ இரும்புக் கிளாம்ப்பால் அவற்றின் மேற்பகுதியைச் சுவரோடு பிணைப்பது ஒரு மாலை நேர வேலைதான், ஆனால் அதைச் சரியாகச் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் வந்த மிஸ்திரி துளையிட்டு, பிளக் செருகி, திருகை முடுக்கிவிட்டுப் போனார். மறுநாள் நான் கிளாம்ப்பைப் பிடித்து இழுத்தபோது திருகு, பிளக், கூடவே ஒரு பிடி பூச்சுத்தூள் எல்லாம் கையோடு வந்துவிட்டன. துளை சிமெண்டுப் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போகவே இல்லை. துளை, பூச்சைக் கடந்த பிறகும் செங்கல்லுக்குள் ஆழமாக இறங்க வேண்டும். இரண்டு செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்தில் விழக் கூடாது. துளையிடும்போது வெளிவரும் தூள் வெளிர் சாம்பல் நிறத்திலிருந்து செங்கல் சிவப்புக்கு மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வேலை முடிந்ததும், மிஸ்திரி போவதற்கு முன்பே, உடல் பலம் முழுவதையும் கொடுத்து இழுத்துப் பாருங்கள். பீரோவின் மேலே பெட்டிகளை அடுக்கும் வழக்கத்தையும் அன்றோடு விட்டுவிடுங்கள்.

சமையலறையில் கனமான பாத்திரங்களும் கிரைண்டரும் கீழ்த்தட்டில் இருக்க வேண்டும். சிலிண்டரைச் சங்கிலியால் சுவரோடு பிணைக்கலாம். குழாய் வழி எரிவாயு உள்ள வீட்டில், அதை மூடும் வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது வீட்டு வேலைக்கு வருபவர் உட்பட அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பூசை அலமாரியில் குத்துவிளக்கை எரியவிட்டு வெளியே போகக் கூடாது.

குலுங்கத் தொடங்கியதும் மாடிப்படியை நோக்கி ஓடுவது தில்லியில் வேரூன்றிவிட்ட பழக்கம். மூன்றாம் மாடியிலிருந்து அப்படி ஓடுபவர், குலுக்கல் மிகுந்திருக்கும் நேரத்தைப் படிக்கட்டிலும், கைப்பிடிச் சுவரும் பூந்தொட்டிகளும் விழும் வாசலிலும் கழிக்கிறார். உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து, தலையைக் காத்து, மேசைக் காலைப் பற்றிக்கொண்டு, குலுக்கல் நிற்கும் வரை இருப்பதே நல்லது. படுக்கையில் இருந்தால் குப்புறப் படுத்துத் தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ளலாம். மூட்டுவலியால் குனிய முடியாத பெரியவர்கள், சன்னலிலிருந்து விலகி உட்சுவரோரம் அமர்ந்து தலையைப் பொத்திக்கொள்ளட்டும். தரைத்தளத்தில் கதவு இரண்டே எட்டில் இருந்து, வெளியே திறந்தவெளியும் இருந்தால் மட்டும் வெளியேறலாம். மின்தூக்கியைப் பயன்படுத்தவே கூடாது. நின்ற பிறகு எரிவாயு வால்வை மூடுங்கள். வாயு வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியேறி, 112 எண்ணை அழையுங்கள். பின்னதிர்வுகள் வரும் என்று எதிர்பார்த்தே இருங்கள்.

இவ்வளவும் கட்டடம் நின்றால்தான் பயன்படும். 2001 ஜனவரி 26 அன்று பூஜ் பகுதியில் மையம் கொண்ட நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் பல அடுக்குமாடிக் கட்டடங்கள் இடிந்தன. அவற்றில் பல, தரைத்தளத்தைக் கார் நிறுத்துவதற்காகச் சுவரின்றித் தூண்களின் மேல் விட்டவை. மேல்தளங்கள் செங்கல் சுவர்களால் விறைப்பாக இருக்க, கீழே வெறும் தூண்கள் மட்டும் இருந்தால் அசைவு முழுவதும் அந்த ஒரே தளத்தில் குவிந்து, தூண்களின் தலையும் காலும் முறிகின்றன. தில்லியின் பல தெருக்களில் பில்டர் ஃப்ளோர்கள், அதாவது ஒரே மனையில் தளத்துக்கு ஒரு வீடாகக் கட்டி விற்கப்படும் கட்டடங்கள், இன்று இந்த வடிவில் நிற்கின்றன. வீடு வாங்குவதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடத்தைக் கேளுங்கள். பளிங்குத் தரையைப் பார்ப்பதைவிட அது முக்கியம். கட்டிக்கொண்டிருக்கும் வீடானால், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் தூணின் கம்பிகளைச் சுற்றிய வளையங்களைப் பாருங்கள். அவற்றின் நுனிகள் 135 டிகிரிக்கு உள்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். 90 டிகிரியில் நின்றால் குலுக்கலில் அவை பிரிந்துவிடும். தூண் உத்திரத்தோடு சேரும் இடத்துக்கு அருகில் வளையங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். இவை கான்கிரீட் கட்டடங்களில் கம்பி அமைப்புக்கான தர நெறி ஐ.எஸ். 13920 கேட்பவை.

ஏற்கெனவே எழுந்துவிட்ட கட்டடத்தையும் பலப்படுத்த வழி உண்டு. தரைத்தளத்தில் சில தூண்களுக்கு இடையே கான்கிரீட் சுவரோ எஃகுக் குறுக்குச் சட்டமோ அமைக்கலாம். தூண்களைச் சுற்றிப் புதிய கம்பியும் கான்கிரீட்டும் போர்த்தலாம். தூண்களின்றிச் சுவர்களே பாரம் சுமக்கும் பழைய நாலு மாடி வீடுகளில், சன்னல்களின் மேலும் மூலைகளிலும் கம்பிவலை பதித்த சிமெண்டுப் பட்டைகளால் சுவர்களைக் கட்டிப்போடலாம். எதை எங்கே என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் தீர்மானிக்க வேண்டும். அத்தகைய வீடுகளில் சமையலறையைப் பெரிதாக்க ஒன்பது அங்குலச் சுவரை இடித்தவர், தன் தலைக்கு மேலிருப்பவர்களின் ஆதாரத்தையும் சேர்த்தே இடித்துவிடுகிறார். இதை அண்டை வீட்டார் தயங்காமல் தடுக்க வேண்டும். மொட்டைமாடியையும் பாருங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன் எடை. வீட்டுக்கு ஒன்றாக எட்டுத் தொட்டிகள் ஒரே மூலையில் நிற்பது நல்லதல்ல. அவை உத்திரங்களின் மேல் பரவலாக, நகராதபடி பிணைக்கப்பட்டு இருக்க வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றைத் தனி வீட்டுக்காரர் செய்ய முடியாது என்பதால், குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்கச் சொல்லுங்கள். பொறியாளர் ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவதோடு, அன்றே செய்யக்கூடியவையும் உண்டு. எந்தத் தளத்தில் நடக்க முடியாதவர் இருக்கிறார், யார் போய் அவரைப் பார்ப்பது என்று பெயர் குறித்து வையுங்கள். கூடும் இடம் எந்தப் பூங்கா என்பதை முடிவு செய்யுங்கள். திருட்டுக்கு அஞ்சிப் பூட்டிய பின்வாசலின் சாவி காவலாளியிடம் மட்டும் இருப்பது போதாது. இன்னும் இருவரிடமாவது இருக்க வேண்டும். இடிபாட்டில் சிக்கியவர்களை முதலில் மீட்பவர்கள் அண்டை வீட்டார்தான் என்பதால், கடப்பாறை, ஜாக்கி, கயிறு, முதலுதவிப் பெட்டி ஆகியவை கார் நிறுத்தும் தளத்தில் அல்லாமல், திறந்தவெளியிலுள்ள காவல் கூண்டில் இருக்கட்டும்.

நம்மவர்களுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெற்றோர் பலருக்கு இந்தி தெரியாது. நாம் அலுவலகத்தில் இருக்கும்போது அவர்கள் வீட்டில் தனியாக இருப்பார்கள். என் அம்மாவுக்கு ஓர் அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் இந்தியிலும் அவர் பெயர், வீட்டு முகவரி, இரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள், என் எண், ஊரிலுள்ள தம்பியின் எண் ஆகியவை இருக்கின்றன; உள்ளூரில் தொலைபேசி நெரிசலானாலும் வெளியூர்க்காரருக்குக் குறுஞ்செய்தி போய்ச்சேர வாய்ப்புண்டு. அட்டையோடு ஒரு விசிலும் சேர்த்து, அவர் கட்டில் காலில் கட்டியிருக்கிறது.