மாறும் சமுதாயத்தில் சபையை நடத்துவது எப்படி: சுவிசேஷ சபைத் தலைவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சபைத் தலைவர்கள் கூடும் இடங்களில் "காலம் கெட்டுவிட்டது" என்ற புலம்பல் தவறாமல் எழுகிறது. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அந்தப் புலம்பலை வைத்துக்கொண்டு அடுத்த மூப்பர் (சபையை நிர்வகிக்கும் மூத்தோர்) கூட்டத்தில் எதைப் பேசுவது என்றுகூட முடிவு செய்ய இயலாது. அமெரிக்காவில் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் வயதுவந்தோரின் பங்கு 2007-இல் 78 சதவீதமாக இருந்து, 2023-24-இல் 62 சதவீதமாகக் குறைந்ததைப் பியூ ஆய்வு மையம் பதிவு செய்தது. அதே காலத்தில் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவின் சில பகுதிகளிலும் சுவிசேஷ சபைகள் பெருகின. குறைகிற இடத்திலும் பெருகுகிற இடத்திலும் தலைவர்களுக்கு முன் நிற்கும் சிக்கல் பெரும்பாலும் ஒன்றுதான். போதகர் என்ற பெயருக்காகவே முன்பு கிடைத்த நம்பிக்கை இப்போது அப்படிக் கிடைப்பதில்லை. பிரசங்கத்தில் சொல்லப்பட்ட தகவலை விசுவாசி தன் இருக்கையிலிருந்தே கைப்பேசியில் சரிபார்த்துவிடுகிறார். எனவே பின்வரும் ஆலோசனைகள் பெரும்பாலும், அந்த நம்பிக்கைக்குத் தகுதியாக நடந்துகொள்வது எப்படி என்பதைப் பற்றியவை.

எதை விடக்கூடாது, எதை விடலாம்

முதல் வேலை, பிரித்தறிவது. வரலாற்றாசிரியர் டேவிட் பெபிங்டன் 1989-இல் சுவிசேஷக் கிறிஸ்தவத்துக்கு நான்கு அடையாளங்களைக் குறிப்பிட்டார்: வேதத்தின் அதிகாரம், சிலுவையின் மையம், மனந்திரும்புதல், செயலில் வெளிப்படும் விசுவாசம். ஆராதனை தொடங்கும் நேரமோ, இசைக்கருவியோ, உடையோ அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூப்பர்களை ஓரிடத்தில் அமர்த்தி, சபையில் இப்போது சர்ச்சையாக இருக்கும் காரியங்களை ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு தாளில் மூன்று வகையாக எழுதச் சொல்லுங்கள். விட்டுக்கொடுக்க முடியாத உபதேசம் ஒன்று. உண்மையுள்ள விசுவாசிகளே வேறுபடும் கருத்து இன்னொன்று. வெறும் பழக்கம் மூன்றாவது. பிறகு தாள்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் உபதேசம் என்று எழுதியதை மற்றொருவர் பழக்கம் என்று எழுதியிருப்பார். பல ஆண்டுகளாக ஓயாத சண்டையின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரத்தில் எருசலேமில் கூடிய ஆதிச் சபைத் தலைவர்கள் செய்ததும் இதைப் போன்ற பிரித்தறிதலே. விசுவாசிகளான புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர்கள், விருத்தசேதனம் பெற வேண்டுமா என்ற கேள்வியை அவர்கள் மூடி மறைக்கவில்லை. மிகுந்த தர்க்கம் நடந்தது என்று வேதமே சொல்கிறது. பயம் பிடித்த தலைமைதான் பழக்கத்தை உபதேசமாக உயர்த்துகிறது என்பது என் கருத்து.

கேள்விகளை வரவேற்பது

வாலிபர் கூட்டத்தில் உயிரியல் படிக்கும் ஒரு மாணவி, ஆதியாகமத்தின் ஆறு நாட்களையும் பூமியின் வயதையும் எப்படிப் பொருத்துவது என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "விசுவாசத்தால் ஏற்றுக்கொள், மகளே" என்பது பதிலாகாது. அந்தக் கேள்வியை இனி இங்கே கேட்காதே என்ற அறிவிப்பாகவே அது அவள் காதில் விழும். முதலில் கேள்வியை அவள் சொன்னபடியே திருப்பிச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டீர்களா என்று அவளிடமே உறுதி செய்யுங்கள். அடுத்து, ஆறு நாட்களையும் இருபத்துநான்கு மணிநேர நாட்களாகக் கொள்பவர்கள், நீண்ட யுகங்களாகக் கொள்பவர்கள், பரிணாமத்தைத் தேவன் படைத்த வழியாகக் காண்பவர்கள் என மூன்று தரப்பினரும் சுவிசேஷ சபைகளுக்குள் இருப்பதையும், படைத்தவர் தேவனே என்பதில் மூவரும் ஒன்றுபடுவதையும் நேர்மையாக எடுத்து வையுங்கள். உங்கள் சொந்த நிலைப்பாட்டையும் காரணத்தோடு சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லி, படித்துவிட்டு எந்தக் கூட்டத்தில் பதில் தருவீர்கள் என்பதையும் அங்கேயே அறிவித்துவிடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றுவது பதிலைவிட அதிகம் பேசும்.

திருமணம், பாலியல் ஆகியவை குறித்த கேள்விகள் இதைவிடக் கடினமானவை. திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் உரியது என்பது சுவிசேஷ சபைகளின் பெரும்பான்மைப் போதனை. அதைப் போதிக்கும் தலைவர் அதை ஒளிவுமறைவின்றிச் சொல்வதே முறை. ஆனால் தன் மகனைப் பற்றிப் பேச வரும் தாயிடம் போதனையை முதலில் எடுத்து நீட்டுவது மேய்ப்பனின் வேலையன்று. அவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். மகன் பாதுகாப்பாக இருக்கிறானா, வீட்டில் பேச்சு நின்றுபோகாமல் இருக்கிறதா என்று விசாரியுங்கள். மிக முக்கியமாக, அவர் சொன்னதை ஜெபக்குறிப்பாக்கி ஜெபக்கூட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். "இந்தக் குடும்பத்துக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள்" என்ற ஒரே வாக்கியத்தால் சபையை விட்டுப் போன குடும்பங்கள் உண்டு. புறங்கூறுதல் ஜெபத்தின் உடையில் வரும்போது அதைத் தடுக்க யாருக்கும் துணிவு வருவதில்லை.

புகார் வரும் நாள்

தலைவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இதுவே. ஆகவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மிகப்பெரிய புரொட்டஸ்டன்ட் சபைப் பிரிவான தென்னக பாப்டிஸ்ட் பேரவையில் நடந்த பாலியல் துன்புறுத்தல்களை 2019-இல் இரண்டு செய்தித்தாள்கள் வெளிக்கொண்டுவந்தன. 2022-இல் வெளியான சுதந்திர விசாரணை அறிக்கை, பாதிக்கப்பட்டோரின் முறையீடுகளை மூத்த தலைவர்கள் பல்லாண்டுகளாகப் புறக்கணித்ததையும், சபைப் பிரிவுக்குச் சட்டப் பொறுப்பு வந்துவிடக்கூடாது என்பதிலேயே அவர்கள் கவனம் செலுத்தியதையும் விவரித்தது. சபையின் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்த காரியமே அந்தப் பெயரை அதிகமாகக் கெடுத்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு வசனங்கள் கேடயமாகத் தூக்கப்படுகின்றன. "அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதிருங்கள்" என்ற கருத்துடைய சங்கீதம் 105:15, ஆபிரகாம் முதலிய முற்பிதாக்களை அந்நிய ராஜாக்கள் கொடுமைப்படுத்தாமல் தேவன் காத்ததைப் பேசுகிறது. போதகரைக் கேள்வி கேட்பதைப் பற்றி அது பேசவில்லை. விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடக்கூடாது என்னும் 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரம் அற்ப வழக்குகளைப் பற்றியது. குற்றத்தைத் தண்டிக்கும் அதிகாரம் அரசுக்குத் தேவனால் கொடுக்கப்பட்டது என்று ரோமர் 13 சொல்வதால், குழந்தைக்கு எதிரான குற்றம் மூப்பர் கூட்டத்தில் பேசித் தீர்க்கும் விவகாரமாகாது. மூப்பர்மேல் வரும் குற்றச்சாட்டைக் கையாளும் முறையும் 1 தீமோத்தேயு 5-இல் இருக்கிறது: சாட்சிகளை விசாரிக்க வேண்டும், பாவம் செய்தவர் எனத் தெரிந்தால் எல்லார் முன்பாகவும் கடிந்துகொள்ள வேண்டும்.

நடைமுறையில், புகார் வருவதற்கு முன்பே எழுத்துப்பூர்வமான ஒரு நடைமுறை இருக்க வேண்டும். யாரிடம் சொல்வது என்பதில் ஒரு பெண் உட்பட இரண்டு பெயர்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும். அவர்கள் போதகரின் குடும்பத்தாராக இருக்கக்கூடாது. ஞாயிறு பள்ளியில் எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் மட்டும் தனித்திருக்கக்கூடாது. அறைக் கதவில் கண்ணாடி இருப்பது நல்லது. குழந்தை சம்பந்தப்பட்ட புகார் என்றால், சபையே விசாரணை நடத்திப் பார்த்துவிட்டுப் பிறகு காவல்துறையிடம் போகலாம் என்று காத்திராமல் உடனே உரிய அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணை முடியும்வரை பிள்ளைகள் ஊழியத்திலிருந்தும் பிரசங்க மேடையிலிருந்தும் விலகி நிற்க வேண்டும். அவர் சபையை நிறுவியவரின் மகனாக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை. பாதிக்கப்பட்டவரிடம் "மன்னித்துவிடு" என்று வற்புறுத்துவது, அது எவ்வளவு இனிமையாகச் சொல்லப்பட்டாலும், இரண்டாவது காயம்.

காணிக்கையும் எண்ணிக்கையும்

பணத்தைப் பொறுத்தவரை பவுல் காட்டிய வழியே போதுமானது. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைத் தனியாகக் கொண்டுபோகாமல், சபைகள் நியமித்தவரோடு கொண்டுபோவதை 2 கொரிந்தியர் 8-இல் எழுதுகிறார். யாரும் குற்றம் சொல்லாதபடி, கர்த்தருக்கு முன் மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பும் ஒழுங்காக நடக்கவே அந்த ஏற்பாடு. காணிக்கைப் பையை உறவினர் அல்லாத இருவர், ஆராதனை முடிந்தவுடன், சபை வளாகத்திலேயே எண்ணி, தொகையை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். எண்ணியவர்களே வங்கிக் கணக்கையும் எழுதக்கூடாது. காசோலையில் போதகரின் கையெழுத்து மட்டும் போதும் என்ற நிலை இருக்கக்கூடாது. ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து, போதகரின் சம்பளம் உட்பட அனைத்தையும் உறுப்பினர்களுக்கு முன் வையுங்கள்.

1948-இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரஹாமும் அவருடைய உடன் ஊழியர்களும் பணம், பாலியல் ஒழுக்கம், உள்ளூர்ச் சபைகளுடனான உறவு, விளம்பரத்தில் நேர்மை ஆகிய நான்கிலும் தங்களுக்குத் தாங்களே எல்லை வகுத்துக்கொண்டார்கள். நான்காவதைத்தான் இன்று எல்லாரும் மறந்துவிட்டார்கள். இருநூறு பேர் வந்த கூட்டத்தை ஆயிரம் பேர் வந்ததாகப் பதிவிடுவதும், படத்தைக் காலி நாற்காலிகள் தெரியாத கோணத்தில் எடுப்பதும் பொய்தான்.

அரசியல், இணையம்

1974-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் கூடிய உலகச் சுவிசேஷ மாநாடு, ஆங்கிலேயப் போதகர் ஜான் ஸ்டாட்டின் தலைமையில் உருவான உடன்படிக்கையில், சுவிசேஷம் அறிவிப்பதும் சமூக நீதிக்காக உழைப்பதும் கிறிஸ்தவக் கடமையின் இரு பகுதிகள் என்று ஏற்றுக்கொண்டது. ஆகவே அநீதியைப் பற்றி மேடையில் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் வேட்பாளரையோ கட்சியையோ மேடைக்கு ஏற்றாதீர்கள். சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஆராதனை, ஜெபம், உதவி ஆகியவை தவிர வேறெதையும் பகிரக்கூடாது என்ற ஒரு வரி விதி பாதித் தகராறுகளைத் தவிர்க்கும்.

நேரலை ஆராதனை, நோயாளிகளுக்கும் தொலைவில் இருப்போருக்கும் நல்ல உதவி. ஞானஸ்நானத்துக்கும் திருவிருந்துக்கும் வீட்டுச் சந்திப்புக்கும் அது ஈடாகாது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பிரசங்கம் தயாரிப்பவர்கள், அது தரும் வசன எண்களையும் மேற்கோள்களையும் ஒன்றுவிடாமல் சரிபார்க்க வேண்டும். இல்லாத மேற்கோளை அது கூச்சமின்றி எழுதித் தரும்.

தலைவரின் சொந்த நிலை

மேற்சொன்ன எதையும் களைத்துப்போன ஒருவரால் செய்ய முடியாது. தீர்க்கதரிசி எலியா சோர்ந்துபோய்ச் சாகவேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும் இன்னொரு தூக்கமும்தான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற தேவனுடைய கேள்வி பிறகுதான் வந்தது. வாரத்தில் ஒரு நாள் முழுமையாக ஓய்வெடுங்கள். அந்த நாளில் அவசர அழைப்பை எந்த மூப்பர் ஏற்பார் என்பதைச் சபைக்கு அறிவித்துவிடுங்கள். உங்கள் சபையைச் சாராத, உங்களிடம் கடுமையாகப் பேசத் தயங்காத ஒரு மூத்த ஊழியரை மாதம் ஒருமுறை சந்தியுங்கள். உங்களுக்குப் பின் சபையை யார் நடத்துவது என்பதை உடல்நலம் நன்றாக இருக்கும்போதே மூப்பர்களோடு பேசத் தொடங்கி, எந்த வயதில் விலகுவீர்கள் என்பதையும், அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உங்கள் குடும்பத்தார் இருக்கமாட்டார்கள் என்பதையும் சபையின் நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.