பரம வைரிகளின் ஆட்டத்தைப் பெரிய பொது மைதானத்துக்கு மாற்றுவது எப்படி?

அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் விளையாட்டுத் துறையில் ஆட்ட நாள் ஏற்பாடுகளைக் கவனிப்பது என் வேலை. அமெரிக்கன் புட்பால் பருவம் முடிந்ததும் பழைய மாணவர்களிடமிருந்து தவறாமல் ஒரு யோசனை வரும்: "பக்கத்துக் கல்லூரியோடு நாம் மோதும் ஆட்டத்துக்கு ஆண்டுதோறும் டிக்கெட் கிடைப்பதில்லை. நகரத்தில் இருக்கும் பெரிய ஸ்டேடியத்துக்கு மாற்றிவிட்டால் என்ன?"

மாற்றலாம். நன்றாகவும் நடத்தலாம். ஆனால் எத்தனை இருக்கைகள் என்பதிலிருந்து தொடங்காதீர்கள். இதுவரை வர முடியாமல் இருந்த எவர் இனி வரப்போகிறார் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பெயரும் ஊருமாகப் பதில் சொல்ல முடிந்தால் மட்டுமே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தின் இதாக்கா, கார்ட்லண்ட் கல்லூரிகளைப் பாருங்கள். இரண்டும் அடுத்தடுத்த ஊர்கள். 1959 முதல் ஒரு குடத்துக்காக மோதிவருகின்றன. அந்த ஆட்டத்துக்கு 'கார்ட்டாகா ஜக்' என்று பெயர். இரண்டு வளாகங்களிலும் சில ஆயிரம் பேர்தான் உட்கார முடியும். 2019இல் அதை நியூஜெர்சியின் மெட்லைஃப் ஸ்டேடியத்துக்குக் கொண்டுபோனார்கள். வந்தவர்கள் 45,161 பேர். விளையாட்டு உதவித்தொகையே இல்லாத மூன்றாம் டிவிஷன் ஆட்டம் அது; அந்தப் பிரிவில் அதற்குமுன் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. இரண்டு கல்லூரிகளின் பட்டதாரிகளும் நியூயார்க் நகரத்தைச் சுற்றியும் லாங் ஐலண்டிலும் ஏராளமாகக் குடியிருக்கிறார்கள். பல மணி நேரம் காரோட்டிக்கொண்டு போக முடியாதவர்களின் வாசலுக்கே ஆட்டம் வந்தது. உங்கள் கல்லூரியின் பழைய மாணவர் முகவரிப் பட்டியலை அஞ்சல் குறியீட்டு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஸ்டேடியத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நான் முதலில் கேட்கும் காகிதம் இதுதான்.

இதற்கு நேர்மாறான ஒரு பாடமும் உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானத்தில் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். ஆனாலும் ஓக்லஹோமாவுடன் மோதும் ஆட்டத்தை டல்லாஸில், அதைவிடச் சிறிய காட்டன் பௌலில்தான் ஆடுகிறார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ஆஸ்டினுக்கும் ஓக்லஹோமா பல்கலைக்கழகம் இருக்கும் நார்மனுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது டல்லாஸ். அதே நாட்களில் அங்கே மாநிலக் கண்காட்சியும் நடக்கும். மைதானத்தின் நடுக்கோடான ஐம்பது கெஜக் கோட்டில் அரங்கம் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி ஆரஞ்சு, மறுபாதி கருஞ்சிவப்பு. இரண்டு அணிகளும் ஒரே சுரங்கப் பாதை வழியாக மைதானத்துக்கு வருகின்றன. இருக்கைகள் கூடாமலேயே ஒரு பொது மைதானம் ஆட்டத்துக்கு இவ்வளவு தர முடியும்.

பொது மைதானம் என்றால் உண்மையிலேயே பொதுவாக இருக்க வேண்டும். ஒரே மாநிலத்தின் பரம வைரிகளான அலபாமா, ஆபர்ன் பல்கலைக்கழகங்களின் ஆட்டம் 1948 முதல் பர்மிங்ஹாமின் லீஜியன் ஃபீல்டில் நடந்தது. டிக்கெட்டுகளைப் பல ஆண்டுகள் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆனால் அலபாமா தன் மற்ற ஆட்டங்கள் பலவற்றையும் அதே மைதானத்தில் ஆடியதால், எதிராளி வீட்டுக்குப் போய் ஆடுகிறோம் என்ற மனக்குறை ஆபர்ன்காரர்களுக்கு இருந்தது. தங்கள் சொந்த அரங்கத்தைப் பெரிதாக்கிய பிறகு 1989இல் ஆட்டத்தை அங்கே கொண்டுபோனார்கள். அலபாமாவை 30–20 என்று வென்றார்கள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் ஸ்டேடியத்தில் எதிர்க் கல்லூரி அடிக்கடி ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடுகிறது என்றால் வேறு இடம் தேடுங்கள்.

பணம்

கணக்கு எளிதுதான், ஆனாலும் பலர் தவறாகப் போடுகிறார்கள். சொந்த மண்ணில் ஆடினால் செலவு போக உங்களுக்கு 100 மிஞ்சுகிறது, எதிராளிக்கு அவர்கள் மண்ணில் 80 மிஞ்சுகிறது என்று வையுங்கள். ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு என்பதால் உங்களுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 50, அவர்களுக்கு 40. ஆகவே பொது மைதானத்தில் 90 மிஞ்சினால் போதும் என்று தோன்றும். வருமானத்தைச் சரிபாதியாகப் பிரிப்பதாக இருந்தால் அது போதாது. உங்கள் பங்கு 50ஐத் தாண்ட மொத்தம் 100க்கு மேல் மிஞ்சியாக வேண்டும். அதுவும் வாடகை, பாதுகாப்பு, காப்பீடு, பஸ், பேண்டு குழுவின் பயணம் எல்லாம் கழித்த பிறகு.

ஸ்டேடியத்தாரோடு பேசும்போது வாடகைத் தொகையை மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடாதீர்கள். வாகன நிறுத்தக் கட்டணம் யாருக்கு? தின்பண்ட விற்பனையில் பங்கு உண்டா? ஒவ்வொரு டிக்கெட்டிலும் அரங்கக் கட்டணம் எவ்வளவு பிடிப்பார்கள்? தொழில்முறை அணியின் ஸ்டேடியமாக இருந்தால் தனி அறைகளும் கிளப் இருக்கைகளும் ஏற்கெனவே யாரோ ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தவையாக இருக்கும். அங்கிருந்து உங்களுக்கு ஒரு டாலரும் வராமல் போகலாம். குளிர்பான விளம்பரத்தையும் கேட்டுவிடுங்கள். உங்கள் கல்லூரி ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கும், ஸ்டேடியம் அதன் போட்டி நிறுவனத்தோடு போட்டிருக்கும். வீரர்களின் பக்கக் கோட்டில் எந்தப் பெயர் போட்ட குடுவை நிற்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் முடித்துக்கொள்வது நல்லது.

ஒப்பந்தம்

பொது மைதானமாக இருந்தாலும் ஏட்டளவில் ஒரு கல்லூரி 'சொந்த அணி'யாக இருந்தே தீர வேண்டும். தொலைக்காட்சி உரிமை பெரும்பாலும் அந்த அணியின் கான்பரன்ஸுக்கு, அதாவது அது சேர்ந்து ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்புக்கு, போகும். நடுவர்களை அனுப்புவது, எந்த நிறச் சட்டை என்பது போன்றவையும் அதைப் பொறுத்தே அமையும். இரண்டு கல்லூரிகளும் வெவ்வேறு கான்பரன்ஸில் இருந்தால் அந்தத் தகுதியை ஆண்டு மாற்றி ஆண்டு கொடுங்கள். கான்பரன்ஸின் எழுத்துபூர்வ ஒப்புதல் கைக்கு வராமல் செய்தியாளர்களைக் கூப்பிடாதீர்கள்.

பயிற்சியாளரிடமும் பேசுங்கள். சேரவிருக்கும் பள்ளி வீரர்களை ஆட்ட நாளில் வளாகத்துக்கு வரவழைத்துச் சுற்றிக்காட்டுவது அவருக்கு மிக முக்கியம். பொது மைதானத்தில் ஆடினால் அந்த வாய்ப்பு போய்விடும். ஜாக்சன்வில் நகரின் பொது மைதானத்தில் ஃபுளோரிடாவுடன் ஆடும் ஜார்ஜியாவின் பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட் இந்தக் குறையை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

ஸ்டேடியம் பழுதுபார்க்கப்பட்டால் ஆட்டம் எங்கே போகும் என்று ஒரு பிரிவு சேருங்கள். ஜாக்சன்வில் ஆட்டமே 1994, 1995இல் அரங்கத்தைக் கட்டியபோது இரண்டு வளாகங்களுக்கும் திரும்பிப் போனது. இப்போது மறுபடியும் புதுப்பிப்பு வேலை. 2026இல் அட்லாண்டா, 2027இல் டாம்பா என்று ஏற்பாடு. அங்கே அதற்கான அவகாசமும் மனிதர்களும் இருக்கிறார்கள். சிறு கல்லூரிக்கு அந்த வசதி கிடையாது.

தேதியும் தரையும்

தொழில்முறை லீகின் அட்டவணை வழக்கமாக மே மாதத்தில்தான் வெளியாகிறது. எனவே சனிக்கிழமை உங்கள் ஆட்டம் என்றால் மறுநாள் அங்கே தொழில்முறை ஆட்டம் இருக்காதபடி முந்தைய ஆண்டே ஸ்டேடியத்தாரைக் கேட்க வைக்க வேண்டும். இருந்தால் முடியவே முடியாது என்பதில்லை. ஆனால் தரைக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான்.

ஏனென்று சொல்கிறேன். மைதானத்தின் நடுவே நீளவாக்கில் இரண்டு வரிசையாகச் சிறு கோடுகள் ஓடும். ஹாஷ் கோடுகள் என்பார்கள். ஒவ்வொரு முறையும் பந்து அவற்றின் மேல் அல்லது அவற்றுக்கு இடையில் வைக்கப்படும். தொழில்முறை ஆட்டத்தில் அந்த இரண்டு வரிசைகளுக்கும் நடுவே 18 அடி 6 அங்குலம், கோல் கம்பங்களின் இடைவெளியும் அதே அளவு. கல்லூரி ஆட்டத்தில் வரிசைகளின் இடைவெளி 40 அடி. கோல் கம்பங்கள் மட்டும் மாறுவதில்லை. ஆகவே கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கும் உங்கள் கிக்கர் ஒரு ஹாஷிலிருந்து உதைக்கும்போது பந்து கம்பங்களுக்கு வெளியே, பக்கவாட்டில் இருக்கும். அந்தக் கோணத்துக்குத்தான் அவன் ஆண்டு முழுவதும் பயிற்சி எடுத்திருக்கிறான். பழைய கோடுகளைக் கழுவிவிட்டுக் கல்லூரி அளவில் புதிதாகத் தீட்ட வேண்டும். மறுநாளைக்காக அதையும் கழுவ வேண்டும். வெள்ளிக்கிழமை நீங்களே நாடாவை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கக் கோட்டிலிருந்து ஹாஷ் வரை அளந்து பாருங்கள். 60 அடி வர வேண்டும். பழைய கோடுகளின் சாயல் புல்லில் தெரிந்தால் மறுபடி கழுவச் சொல்லுங்கள். கோட்டு நடுவர்கள் அவசரத்தில் தடுமாறுவது அங்கேதான்.

இருக்கைகள்

எண்பதாயிரம் இருக்கை கொண்ட அரங்கில் முப்பதாயிரம் பேரைச் சிதறவிட்டால் எத்தனை பேர் கத்தினாலும் ஓசை எழாது. மேலடுக்கை முதலில் திறக்கவே திறக்காதீர்கள். கீழடுக்கை ஐம்பது கெஜக் கோட்டில் பிரித்து இரு கல்லூரிகளுக்கும் சரிபாதி கொடுங்கள். அது நிரம்பிய பிறகு அடுத்த அடுக்கு. 2016இல் டென்னசியும் வர்ஜீனியா டெக்கும் பிரிஸ்டல் கார்ப் பந்தயத் தடத்தின் நடுவே ஆடினார்கள். 1,56,990 பேர் வந்து சாதனை படைத்தார்கள். அங்கேயும் இருக்கைகள் களத்திலிருந்து வெகுதூரம். பலர் நடுவே தொங்கிய ராட்சதத் திரையைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. சாதனை வேண்டுமா, முழக்கம் வேண்டுமா என்பதை உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நான் முழக்கத்தின் பக்கம்.

மாணவர்களை மூலைக்குத் தள்ளவே தள்ளாதீர்கள். விலை உயர்ந்த இருக்கைகளை நன்கொடையாளர்களுக்கு ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதை மாணவர்களுக்குக் கொடுக்கும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் தொண்டை வற்றக் கத்துவதால்தான் இந்த ஆட்டம் பக்கத்து ஊர் ஆட்டமாக இல்லாமல் பரம வைரிகளின் ஆட்டமாக இருக்கிறது. எனவே கோல் பகுதிக்குப் பின்னால் முதல் வரிசையிலிருந்து அவர்களுக்கு இடம் விடுங்கள். டிக்கெட்டும் பஸ்ஸும் சேர்த்து ஒரே விலை, ஒரே பதிவு. வளாகத்திலிருந்து புறப்படும் நேரம், திரும்பும் நேரம், தவறவிட்டால் கூப்பிட வேண்டிய எண், மூன்றும் டிக்கெட்டிலேயே இருக்கட்டும். தொழில்முறை ஸ்டேடியங்களில் ஒளி ஊடுருவும் பையை மட்டும்தான் அனுமதிப்பார்கள். அதைப் பஸ் ஏறும் இடத்திலேயே சொல்லாவிட்டால் வாசலில் நூறு முதுகுப் பைகள் குவியும்.

பேண்டு குழுவுக்கும் இதே மரியாதை. தொழில்முறை ஆட்டத்தின் இடைவேளை 13 நிமிடம். கல்லூரி ஆட்டத்தில் 20. ஸ்டேடியத்தின் பணியாளர்கள் தங்கள் பழக்கத்தில் மேடையையும் விளம்பரத்தையும் நுழைக்கப் பார்ப்பார்கள். இரு குழுவுக்கும் சம நேரம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கிராம்ப்ளிங் ஸ்டேட், சதர்ன் பல்கலைக்கழகங்கள் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் ஆடும் பேயூ கிளாசிக்கில் பேண்டுகளின் மோதலுக்கென்றே தனி நிகழ்ச்சி நடக்கிறது. அதைப் பார்க்கவே வருகிறவர்கள் ஏராளம்.

உங்கள் ஊர்

கல்லூரி ஊரின் விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் இந்த ஒரு வார இறுதி பல மாத வருமானம். மாற்றத்தை அவர்கள் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. முதலில் வணிகர் சங்கத்தைச் சந்தியுங்கள். பதிலாக வேறு எந்த நல்ல ஆட்டம் அந்தப் பருவத்தில் வளாகத்தில் நடக்கும் என்று தேதியோடு சொல்லுங்கள். முழுப் பருவ டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஓர் ஆட்டம் குறைகிறது. விலையையும் அந்த அளவுக்குக் குறையுங்கள், அல்லது பொது மைதானத்தின் நல்ல இருக்கையை அவர்களுக்கு முதலில் கொடுங்கள்.

முதல் ஒப்பந்தம் ஓர் ஆண்டுக்கு மட்டும் போதும். அடுத்த ஆண்டுக்கான விருப்பத்தை இரண்டு கல்லூரிகளும் சேர்ந்துதான் பயன்படுத்த முடியும் என்று எழுதுங்கள். ஆட்டம் முடிந்த அன்றிரவே ஸ்டேடியத்தின் டிக்கெட் அலுவலகத்தில் உட்கார்ந்து, விற்றது, இலவசமாகக் கொடுத்தது, வாசலில் உண்மையில் ஸ்கேன் ஆனது என மூன்று எண்களையும் தனித்தனியாக வாங்கிக் கையெழுத்துப் போடுங்கள். மாணவர் பகுதியில் ஸ்கேன் ஆன எண்ணிக்கை, வளாகத்தில் நடந்த கடந்த ஆட்டத்தைவிடக் குறைந்திருந்தால், மற்ற எண்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்றே நான் பரிந்துரைப்பேன்.