ஈவ் ஆன்லைனில் லூட் திருடர்களைச் சமாளிப்பது எப்படி

ஐஸ்லாந்தைச் சேர்ந்த சிசிபி நிறுவனம் 2003இல் வெளியிட்ட விண்வெளி விளையாட்டான ஈவ் ஆன்லைனில் திருட்டு என்பது ஆட்டத்தின் ஓர் அங்கம். நீங்கள் அரை மணி நேரம் போராடி வீழ்த்திய விண்கப்பல்களில் மிஞ்சும் பொருள்களை, அதாவது லூட்டை, முன்பின் தெரியாத ஒருவர் அள்ளிக்கொண்டு போனால், சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டுப் பயனில்லை. இந்த வழிமுறைகள் பாதுகாப்பு நிலை 0.5 முதல் 1.0 வரையுள்ள ஹைசெக் எனும் பாதுகாப்பான பகுதியில் மிஷன் (ஆட்டம் தரும் பணி) ஓட்டுபவர்களுக்கு உரியவை. பாதுகாப்பு குறைந்த லோசெக்கிலும் பாதுகாப்பே இல்லாத நல்செக்கிலும் வருகிறவர் பெரும்பாலும் உங்கள் கப்பலையே குறிவைத்து வருவார் என்பதால், அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

முதலில் நிறங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சுற்றியுள்ளவற்றைப் பட்டியலிடும் ஓவர்வியூவில் வெள்ளையாகத் தெரியும் ரெக் (அழிந்த கப்பலின் சிதைவு) உங்களுடையது, மஞ்சள் பிறருடையது, நீலம் உரிமையாளரால் கைவிடப்பட்டது. உங்கள் ரெக்கிலிருந்து, உங்கள் ஃப்ளீட்டிலோ (உடன் பறக்கும் குழு) கார்ப்பரேஷனிலோ (வீரர்களின் சங்கம்) இல்லாத ஒருவர் ஒரு தோட்டாவை எடுத்தாலும், அவர் 15 நிமிடங்களுக்கு சஸ்பெக்ட் ஆகிவிடுவார்; அந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் அவரைச் சுடலாம், ஆட்டத்தின் காவல்படையான கான்கார்ட் தலையிடாது. ஆனால் ரெக்கையே உரித்து உதிரிப் பாகங்களை எடுக்கும் சால்வேஜுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. உங்கள் ரெக்கைச் சால்வேஜர் வைத்து உரித்துப் போகிறவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்பதே ஆட்டத்தின் கணக்கு. உள்ளே லூட் இருந்திருந்தால், அது உங்கள் பெயரிலேயே ஒரு பெட்டியாக அங்கே மிதக்கும். எனவே சால்வேஜ் செய்பவரை ஒருபோதும் சுடாதீர்கள். சுட்டால் கான்கார்ட் அழிக்கப்போவது உங்கள் கப்பலைத்தான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். சஸ்பெக்ட் ஆனவரை நீங்கள் சுட்ட கணமே உங்கள் இருவருக்கும் இடையே 5 நிமிட மோதல் கணக்கு தொடங்குகிறது. அதற்குள் அவரும் உங்களைச் சட்டப்படி திருப்பிச் சுடலாம், ஒவ்வொரு தாக்குதலுக்கும் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். பல திருடர்கள் எதிர்பார்த்து வருவது இதைத்தான். லெவல் 4 மிஷன் ஒன்றில் ஃபிரிகேட் ரகச் சிறிய கப்பல் ஒன்று என் பெரிய போர்க்கப்பலான ரேவனுக்கு அருகே வந்து, ஒரே ஒரு ரெக்கைத் திறந்து எதையோ எடுத்துவிட்டு, அங்கேயே நிதானமாக வட்டமடித்துக்கொண்டிருந்தது. ஓடாத திருடனைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். க்ரூஸ் ஏவுகணைகளை ஏவினேன். அத்தனை சிறிய, வேகமான இலக்கில் அவை கீறல்கூடப் போடவில்லை. அவர் வார்ப் செய்து (ஒளியை மிஞ்சும் வேகத்தில் பாய்ந்து) மறைந்தார், நானும் வென்றதாக நினைத்து மிஷனைத் தொடர்ந்தேன். கணக்கு முடிவதற்குள் அவர் வேறொரு பெரிய கப்பலில் திரும்பி வந்து, என் வார்ப்பை முடக்கிவிட்டு, கப்பலின் ஆற்றல் சேமிப்பான கேப்பாசிட்டரை உறிஞ்சத் தொடங்கினார். அன்று போன ரேவனின் விலைக்கு, அவர் எடுத்த பொருளை ஆயிரம் முறை வாங்கியிருக்கலாம்.

ஆகவே உங்கள் மிஷன் கப்பலிலிருந்து சுடாமல் இருப்பதே பெரும்பாலான வேளைகளில் சரியான பதில். ட்ரோன்களையும் அவர்மீது ஏவாதீர்கள். சுடத்தான் வேண்டும் என்றால், முதல் ஏவுகணைக்கு முன்பே சிலவற்றைச் சரிபாருங்கள்: அவரைத் தப்பவிடாமல் தடுக்கும் வார்ப் டிஸ்ரப்டர் உங்களிடம் இருக்கிறதா, அவருடைய கப்பலின் அளவுக்கு ஏற்ற ஆயுதம் இருக்கிறதா, மிஷனின் எதிரிகள் இன்னும் உங்களைத் தாக்கிக்கொண்டிருக்கிறார்களா. இவற்றில் ஒன்று இடித்தாலும், ஸ்டேஷனுக்குப் போய்ப் போருக்கென்று பொருத்திய கப்பலை எடுத்து வாருங்கள். அவருடைய 15 நிமிடம் அதற்குப் போதும். நண்பர் துணைக்கு வந்தால் அவரையும் திருடனைச் சுடச் சொல்லுங்கள். மோதலில் இருக்கும் உங்கள் கப்பலை அந்த நண்பர் தொலைவிலிருந்தே பழுதுபார்த்தால் (ரிமோட் ரிப்பேர்) அவரும் சஸ்பெக்ட் ஆகிவிடுவார், பிறகு வழியில் போகிறவர்கூட அவரைச் சுடலாம்.

திருடர் வருவதை முன்கூட்டியே அறியவும் வழி உண்டு. மிஷன் நடக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க அவர் கப்பல்களைத் தேடும் கருவிகளான காம்பட் ப்ரோப்களை வீசியாக வேண்டும், அவை உங்கள் டைரக்‌ஷனல் ஸ்கேனரில் 14.3 ஏயூ (ஓர் ஏயூ என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரம்) தொலைவு வரை தெரியும். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை அந்த ஸ்கேனரின் பொத்தானை அழுத்தும் பழக்கம் சலிப்பூட்டும், ஆனால் பலன் தரும். ப்ரோப்கள் தெரிந்தால் பேட்டில்ஷிப் எனும் பெரிய போர்க்கப்பல்களின் ரெக்குகளை முதலில் காலி செய்யுங்கள். சிறியவற்றில் பெரிதாக எதுவும் இருப்பதில்லை. மொபைல் ட்ராக்டர் யூனிட் ஒன்றை நிறுத்திவைத்தால் அது 125 கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ள ரெக்குகளை ஒவ்வொன்றாக இழுத்து லூட்டைத் தானே சேர்த்துக்கொள்ளும். அதைச் சுடுகிறவரும் சஸ்பெக்ட் ஆவார் என்றாலும், அதையே தூண்டில் புழுவாகப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். யூனிட்டைச் சுட்டு உங்களைக் கோபப்படுத்துவது ரெக்கைத் திறப்பதைவிட எளிது. அதனால் அதைத் தனியே விட்டுவிட்டு அடுத்த மிஷனுக்குப் போகாதீர்கள்.

லூட் வேண்டாம், அமைதி போதும் என்றால் ரெக்குகளைக் கைவிட்டுவிடலாம். நீலமான ரெக்கை எடுப்பவர் சஸ்பெக்ட் ஆகமாட்டார். சண்டைக்கு வந்தவருக்கு அங்கே வேலையே இராது. எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை என்று நினைப்பவர் தன் ரெக்கைத் தானே சுட்டு அழிக்கலாம், அது குற்றமல்ல.

மிஷன் முடிவதற்குத் தேவையான பொருளையே எடுத்துவிட்டு விலை பேசுகிறவர்கள் தனி ரகம். பதற்றப்பட்டுப் பணம் அனுப்பாதீர்கள். ஆட்டத்தின் பணமான ஐஸ்க் கைமாறிய பிறகு பொருளைத் தர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் கான்ட்ராக்ட் வழியாக மட்டும் வாங்குங்கள், அதில் பணமும் பொருளும் ஒரே நேரத்தில் மாறும். மிஷனுக்குப் பொதுவாக ஒரு வாரக் கெடு இருக்கிறது. முடிக்காத மிஷன், சர்வர் நிறுத்தப்படும் தினசரி டவுன்டைமுக்குப் பிறகு எதிரிகளோடும் பொருளோடும் புதிதாக உருவாகும். டவுன்டைம் 11:00 யூடிசி, அதாவது இந்திய, இலங்கை நேரப்படி மாலை 4.30. இதில் விரைவாக முடித்தால் கிடைக்கும் போனஸ் மட்டும் போகும். திருடரின் கையில் இருக்கும் பொருள் உங்களுக்குத் தேவைப்படாது.