கரண்ட் வந்தும் எழாத ஹோஸ்ட்: பிராக்ஸ்மாக்ஸில் பூட், கன்சோல் கோளாறுகளைச் சரிசெய்ய

மேட்டூர் திறந்து குறுவைக்கு மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் டெல்டாவில் வோல்டேஜ் ஏறி இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையும் லைனையே அறுத்துவிடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபிறகு பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. மன்னார்குடி அரிசி ஆலையிலும், கும்பகோணம் பாத்திரக்கடையிலும், மயிலாடுதுறை ரத்தப் பரிசோதனை நிலையத்திலும் இன்று ஒரே பெட்டியில் (இதுதான் ஹோஸ்ட்) பிராக்ஸ்மாக்ஸ், அதாவது ஒரு கணினிக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள், போட்டு, டாலிக்கு ஒரு மெஷின், பில்லிங்குக்கு ஒரு மெஷின் என ஓட்டுகிறார்கள். அந்தப் பெட்டி எழாவிட்டால் அன்றைய வேலை மொத்தமும் நிற்கும்.

அந்தப் பதற்றத்தில் பென்டிரைவைச் செருகிப் புதிதாக இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள். பிராக்ஸ்மாக்ஸ் இன்ஸ்டாலர், தேர்ந்தெடுத்த டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டுத்தான் தொடங்கும். டிஸ்க்கை நீங்களாகப் பிரித்து வைக்காதவரை விர்ச்சுவல் மெஷின்களும் அதே டிஸ்க்கில்தான் இருக்கும். பெரும்பாலான பூட் கோளாறுகளில் டேட்டா பத்திரமாகவே இருக்கிறது. எந்தக் கட்டத்தில் நின்றது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

கீழே கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது, வேறு மாதிரி சொல்லாத இடமெல்லாம், ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

ஹோஸ்ட் படுத்ததா, திரை மட்டும் படுத்ததா

முதலில் இதைப் பிரித்துப் பாருங்கள். பக்கத்து கணினியிலிருந்து ஹோஸ்ட்டின் ஐபி முகவரிக்கு பிங் போடுங்கள். பிரவுசரில் அதே முகவரியை 8006 போர்ட்டோடு திறந்து பாருங்கள். திறந்தால் ஹோஸ்ட் நன்றாக ஓடுகிறது, கோளாறு திரையில்தான். பவர் பட்டனைத் தொடாதீர்கள். பிங் வரவில்லை என்றால் கீபோர்டில் நம்லாக் விளக்கு மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) உயிரோடு இருக்கிறது, நெட்வொர்க்கைத் தேட வேண்டும்.

திரை மட்டும் கறுப்பதற்குச் சாதாரணக் காரணம் கேபிள் தவறான இடத்தில் இருப்பது. தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும்போது மதர்போர்டின் விஜிஏ போர்ட்டில் செருகியிருப்பார்கள். இருக்கும் ஒரே கிராபிக்ஸ் கார்டை ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குப் பாஸ்த்ரூ (நேரடியாக ஒப்படைப்பது) கொடுத்திருந்தால், அந்த வேலையைச் செய்யும் விஎஃப்ஐஓ டிரைவர் அதைப் பிடித்த நொடியில் ஹோஸ்ட்டின் திரை உறைந்துவிடும் அல்லது கறுத்துவிடும். அது கோளாறே அல்ல; வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழி லாகின்) மூலம் நுழையுங்கள்.

‘லோடிங் இனிஷியல் ராம்டிஸ்க்’ என்ற வரியோடு திரை இருண்டால் கிராபிக்ஸ் டிரைவரைச் சந்தேகப்படுங்கள். ரீஸ்டார்ட் செய்து, கிரப் (பூட் லோடர்) பட்டியல் வந்ததும் அம்புக்குறி விசையைத் தட்டினால் கவுண்ட்டவுன் நிற்கும். ஆங்கில ஐந்தாம் எழுத்தான ‘ஈ’ விசையை அழுத்துங்கள். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசிக்குப் போய், ஓர் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ என்று ஒரே சொல்லாக எழுதுங்கள். அதே வரியில் ‘குவயட்’ இருந்தால் நீக்கிவிடுங்கள். அது இருக்கும்வரை எங்கே நின்றது என்ற செய்திகள் தெரியாது. கண்ட்ரோலும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் பூட் ஆகும்.

இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டும்தான். நிலையாக வைக்க /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் கெர்னல் வரியில் சேர்த்து ‘அப்டேட்-கிரப்’ ஓட்டுங்கள். ஆனால் செக்யூர் பூட் இல்லாமல், இசட்எஃப்எஸ் (ஃபைல்சிஸ்டம்), யூஇஎஃப்ஐ (புதுவகை பயாஸ்) சேர்த்து இன்ஸ்டால் செய்த பெட்டிகளில் கிரப்பின் நீலப் பெட்டிக்குப் பதில் வெறும் எழுத்துப் பட்டியல் வரும். அது சிஸ்டம்டி-பூட் என்ற வேறு பூட் லோடர். அங்கே கிரப் கோப்பைத் திருத்திப் பயனில்லை. /ஈடிசி/கெர்னல்/சிஎம்டிலைன் கோப்பில், எல்லாம் ஒரே வரியில் இருக்கும்படி எழுதி, ‘பிராக்ஸ்மாக்ஸ்-பூட்-டூல் ரிஃப்ரெஷ்’ கொடுக்க வேண்டும்.

பயாஸைத் தாண்டவில்லை என்றால்

நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று வந்தால் டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் தேதியைப் பாருங்கள். பயாஸில் பழைய வருடம் தெரிந்தால் சீமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கிறது. நாணய வடிவ சிஆர்2032, 3 வோல்ட். பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்தபின், எழுத்து பொறித்த கூட்டல் பக்கம் மேலே இருக்கும்படி புதியதைப் போடுங்கள்.

பேட்டரியோடு பழைய அமைப்புகளும் போயிருக்கும். பூட் வரிசையையும், யூஇஎஃப்ஐயா லெகஸியா என்பதையும், சாட்டா மோடு ஏஎச்சிஐயில் இருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள். ரெய்டுக்கு மாறியிருந்தால் சில போர்டுகளில் டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியாது. இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் மோடு ஆன் ஆகியிருக்க வேண்டும். இதை மறந்தால் ஹோஸ்ட் எழுந்துவிடும், ஆனால் ஒரு மெஷினும் ஸ்டார்ட் ஆகாது. ‘கேவிஎம் கிடைக்கவில்லை’ என்ற பிழைதான் வரும். எல்லாம் சரியாக இருக்கும் நாளிலேயே பயாஸ் பக்கங்களை போனில் படம் எடுத்து வையுங்கள்.

‘கரண்ட் வந்ததும் ஆன் ஆகு’ என்ற பயாஸ் அமைப்பை நம் பக்கம் ஆன் செய்து வைக்காதிருப்பதே நல்லது. போன மின்சாரம் சில நிமிடங்களில் இரண்டு, மூன்று முறை வந்து போகும். பாதி பூட்டில் மறுபடி அறுந்தால் ஃபைல்சிஸ்டம்தான் அடி வாங்கும். ஆள் இல்லாத இடத்தில் மட்டும், நல்ல பேட்டரியுள்ள யூபிஎஸ்ஸோடு அதை வையுங்கள்.

இனிட்ராம்எஃப்எஸ் என்று நின்றால்

இனிட்ராம்எஃப்எஸ் என்பது ரூட் டிஸ்க் கிடைக்கும்வரை ஓடும் தற்காலிகச் சிறு சிஸ்டம். திரையில் அதற்கு மேலே உள்ள வரிகளைப் படித்துவிட்டுக் கை வையுங்கள். ‘பிவிஇ’ வால்யூம் குரூப் (பிராக்ஸ்மாக்ஸ் டிஸ்க்கில் உருவாக்கிய சேமிப்புத் தொகுதி) காணவில்லை என்றால் டிஸ்க் கிடைக்கவில்லை அல்லது தாமதமாக எழுகிறது. சாட்டா கேபிளை இரு முனையிலும் கழற்றி மாட்டுங்கள். ஆலையில் உமித்தூசியும், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றும் இணைப்புகளைக் கெடுக்கும். பிறகும் இப்படி நின்றால் கெர்னல் வரியில் ‘ரூட்டிலே=10’ (ரூட், டிலே இரண்டும் சேர்ந்த ஒரே சொல்) சேர்த்துப் பாருங்கள்; இசட்எஃப்எஸ் பூல் ஏறாதபோதும் இதுவே பல இடங்களில் போதும்.

ஃபைல்சிஸ்டத்தைக் கையால் சோதிக்கச் சொன்னால் ‘எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/மேப்பர்/பிவிஇ-ரூட்’, முடிந்ததும் ‘எக்ஸிட்’. ஆனால் ‘ஐ/ஓ எரர்’ வரிகள் ஓடினால் எஃப்எஸ்சிகே போடவே போடாதீர்கள். சாகும் டிஸ்க்கில் அது எழுத முயன்று இருப்பதையும் கெடுக்கும். வேறு டிஸ்க்குக்கு டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியால் நகல் எடுத்தபின் நகலில் வேலை செய்யுங்கள்.

அப்டேட் நடுவே கரண்ட் போயிருந்தால் ‘ரூட் எஃப்எஸ் மவுண்ட் ஆகவில்லை’ என்ற கெர்னல் பேனிக் வரும். பூட் பட்டியலின் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்து, ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல்’ ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

யூஎஸ்பி பேக்கப் டிஸ்க் செய்யும் வேலை

ஒன்றரை நிமிடம் காத்திருந்து ‘எமர்ஜென்சி மோடு’ வந்தால், பூட்டில் ஏற்ற வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து பாருங்கள். யாரோ கழற்றி எடுத்துப்போன யூஎஸ்பி டிஸ்க்கின் வரி அங்கே இருக்கும். ஆப்ஷன்ஸில் ‘நோஃபெயில்’ சேர்த்தால் டிஸ்க் இல்லாமலும் பூட் ஆகும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. டிஸ்க் மவுண்ட் ஆகாத அன்று இரவு பேக்கப், அதே பெயருள்ள வெறும் ஃபோல்டருக்குள், அதாவது ஹோஸ்ட்டின் சிஸ்டம் இருக்கும் ரூட் டிஸ்க்கிலேயே எழுதப்படும். ரூட் 100% நிரம்பினால் வெப் பக்கத்தில் லாகின் கூட ஆகாது. அந்த ஸ்டோரேஜ் அமைப்பில் ‘இஸ்_மவுண்ட்பாயிண்ட்’ என்பதை யெஸ் ஆக்கினால், டிஸ்க் இல்லாதபோது பேக்கப் பிழை காட்டி நிற்கும். டிஸ்க் செருகியிருக்கும்போது உள்ளே ஒளிந்த பழைய கோப்புகள் தெரியாது. அன்மவுண்ட் செய்துவிட்டுத் தேடுங்கள்.

லாகின் வருகிறது, வெப் பக்கம் வரவில்லை

திரையில் காட்டும் முகவரியை நம்பாதீர்கள். அது /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதியிருப்பது. நெட்வொர்க் கார்டு அந்த முகவரியில் ஓடுகிறது என்பதற்குச் சாட்சி அல்ல. ‘ஐபி ஏ’ போட்டுப் பாருங்கள். புதிதாக ஒரு பிசிஐ கார்டு செருகினாலே நெட்வொர்க் கார்டின் பெயரில் உள்ள எண் மாறலாம். விர்ச்சுவல் மெஷின்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் விஎம்பிஆர்0 பிரிட்ஜ் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். /ஈடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ் கோப்பில் பிரிட்ஜ் போர்ட் வரியில் புதிய பெயரை எழுதி ‘ஐஎஃப்ரீலோட் -ஏ’ கொடுங்கள்.

விர்ச்சுவல் மெஷின் பூட்டியிருக்கிறது, ‘லாக்டு (பேக்கப்)’ என்று வந்தால், பேக்கப் ஏதும் உண்மையில் ஓடவில்லை என்று உறுதிசெய்துவிட்டு ‘க்யூஎம் அன்லாக்’ என்பதோடு மெஷின் எண்ணைக் கொடுங்கள்.

சீரியல் கன்சோல்

ஹோஸ்ட்டின் செய்திகளை சீரியல் கேபிள் வழியாக இன்னொரு கணினியில் பார்ப்பது இது. திரையை நம்பாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. மழைக்காலத்துக்கு முன்பே செய்துவையுங்கள். பல சாதாரண மதர்போர்டுகளில் காம் (சீரியல் போர்ட்) பின்கள் உள்ளே இருக்கும். அதற்கான பிராக்கெட்டை வாங்கி மாட்டலாம். கெர்னல் வரியில் ‘கன்சோல்=டிடிஒய்0 கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200’ என்று இரண்டையும் இதே வரிசையில் எழுதுங்கள் (‘டிடிஒய்எஸ்0’-இல் ‘எஸ்’ மட்டும் பெரிய எழுத்து); கடைசியாக எழுதியதுதான் முதன்மை கன்சோல் ஆகும். மறுமுனையில் லேப்டாப், யூஎஸ்பி சீரியல் அடாப்டர், நல்-மோடம் கேபிள், புட்டி என்ற டெர்மினல் மென்பொருள். வேகம் 115200, 8 பிட், பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கண்ட்ரோல் இல்லை. எழுத்துகள் குப்பையாக வந்தால் இரு பக்க வேகமும் பொருந்தவில்லை. ஒன்றுமே வராவிட்டால் முதலில் கேபிளைப் பாருங்கள்: கடையில் நேர் கேபிளைக் கொடுத்திருப்பார்கள், இதற்கு வேண்டியது இரண்டாம், மூன்றாம் பின்கள் குறுக்கே மாறியது.