திரும்பக் கேட்க முடியாத பதில்: அமைச்சரின் எழுத்துப் பதிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கம் ஒரு துறை அலுவலகத்தில் பல வருடம் எல்.ஏ.கியூ. கோப்பு பார்த்தவன் நான். சட்டமன்ற வினாவை அலுவலகத்தில் அப்படித்தான் சொல்வோம். சென்னையிலிருந்து போன் வரும். "எல்.ஏ.கியூ. சார், அர்ஜென்ட். சாயங்காலத்துக்குள்ள பதில் வேணும்." முக்கால்வாசித் தவறுகள் அந்த அவசரத்தில்தான் பிறக்கின்றன. அமைச்சர் பெயரில் அச்சாகும் பதில், அவர் மேசைக்குப் போவதற்கு முன் நான்கைந்து மேசைகளைத் தாண்டுகிறது. முதல் மேசை பெரும்பாலும் தாலுகாவில் ஒரு உதவியாளருடையது. அவர் எழுதும் இரண்டு வரி தப்பாக இருந்தால், அதற்கு மேல் போடும் கையெழுத்து எதுவும் அதைச் சரியாக்காது.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்வார். உறுப்பினர் துணைக் கேள்வி கேட்டு மடக்கலாம். நட்சத்திரக் குறி இல்லாத கேள்விக்கு எழுத்தில் மட்டும் பதில். துணைக் கேள்வி கிடையாது. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்விகள் 20, எழுத்துப் பதிலுக்கான கேள்விகள் 230. அதாவது பெரும்பகுதி பதில்களை அவையில் யாரும் நேருக்கு நேர் சோதிப்பதில்லை.

இந்த நாட்டில் சட்ட மன்றங்களில் கேள்வி கேட்கும் உரிமை 1892-ஆம் ஆண்டு கவுன்சில் சட்டத்தில் வந்தது. துணைக் கேள்வி கேட்கும் உரிமை 1909-ல்தான் வந்தது. நடுவில் பதினேழு வருடம், கேட்கலாம், கிடைத்த பதிலை வாங்கிக்கொண்டு உட்காரலாம், அவ்வளவுதான். எழுத்துப் பதில் இன்றைக்கும் அந்த நிலையில்தான் இருக்கிறது. திரும்பக் கேட்க முடியாத பதிலை எழுதுகிறவருக்குப் பொறுப்பு கூடும் என்பது என் உறுதியான எண்ணம். நடைமுறையிலோ, குறுக்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அசட்டை உள்ளே வருகிறது.

முதல் தவறு, எல்லாவற்றிலும் பெரியது: கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பதில் எழுதுவது. ஒரு மாதிரி சொல்கிறேன். உறுப்பினர் மூன்று பகுதியாகக் கேட்கிறார் என்று வையுங்கள். (அ) ராணிப்பேட்டை, வாலாஜா சுற்றுவட்டாரத்தில் கடந்த 3 ஆண்டுகளில் எத்தனை கிணறுகளின் நீர் சோதிக்கப்பட்டது? (ஆ) அவற்றில் எத்தனையில் குரோமியம், குடிநீருக்கான வரம்பான லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது? (இ) அந்த ஊர்களுக்கு மாற்றுக் குடிநீர் தரப்படுகிறதா? இதற்கு இப்படி ஒரு பதில் தயாராகும்: "(அ) முதல் (இ) வரை: நிலத்தடி நீர் மாசடைவதைத் தடுப்பதில் அரசு உறுதியாக உள்ளது. தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வாயிலாகச் சுத்திகரிக்கப்படுகிறது. தொடர் கண்காணிப்பு மேற்கொள்ளப்பட்டு வருகிறது."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் ஒரு எண்கூட இல்லை. "(அ) முதல் (இ) வரை" என்று சேர்த்துக் கட்டும்போதுதான் அந்த எண் நழுவுகிறது. மூன்று கேள்விக்கும் உண்மையிலேயே ஒரே பதில் என்றால் சேர்க்கலாம். மற்றபடி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். (ஆ)வுக்குக் கணக்கு கைவசம் இல்லையென்றால் (ஆ)வுக்கு மட்டும் அப்படிச் சொல்லி, யார் எடுக்கப்போகிறார்கள், எப்போதைக்குள் என்பதையும் எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் நான் ஒன்று செய்வேன். கேள்வியைக் கையால் மூடிக்கொண்டு பதிலை மட்டும் படிப்பேன். என்ன கேட்டிருப்பார்கள் என்று அதை வைத்தே சொல்ல முடிந்தால் கோப்பு மேலே போகும். முடியவில்லையென்றால் திரும்ப எழுத வேண்டியதுதான்.

அடுத்து, "வினா எழவில்லை." முதல் பகுதிக்கு "இல்லை" என்று எழுதிவிட்டால் மீதியெல்லாம் தானாக "எழவில்லை" ஆகிவிடும். எழுதுகிறவருக்கு இதைவிடச் சுகமான வழி கிடையாது. 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஊரடங்கில் ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் இறந்தார்கள், அவர்கள் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்கப்பட்டதா என்ற கேள்விக்குத் தொழிலாளர் அமைச்சகம், அப்படிப்பட்ட தகவல் இல்லை, ஆகவே இழப்பீடு பற்றிய வினா எழவில்லை என்று பதில் தந்தது. கணக்கு எடுக்காதது ஒரு விஷயம். கணக்கு இல்லாததையே இழப்பீடு இல்லாததற்குக் காரணமாகக் காட்டுவது வேறு விஷயம். கணக்கு இல்லையென்றாலும் செத்தவர் செத்தவர்தானே, அவர் குடும்பம் எங்கேயோ இருக்கத்தானே செய்கிறது? "இல்லை" என்று எழுதும் முன் மூன்றில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்: நடக்கவே இல்லையா, நடந்ததா என்று யாரும் பார்க்கவில்லையா, பார்த்தும் நம்மிடம் வந்து சேரவில்லையா? மூன்றுக்கும் மூன்று வாக்கியம் வேண்டும்.

போன வருடக் கோப்பைப் பார்த்து அப்படியே எழுதுவது இன்னொன்று. இதில் நானே மாட்டியிருப்பேன். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. பல தரைப்பாலங்கள் அடிபட்டன. அதற்குச் சில மாதம் கழித்துத் தரைப்பாலங்கள் பற்றி ஒரு கேள்வி வந்தது. முந்தைய வருடப் பதில் கோப்பிலேயே இருந்தது. "தற்போது நல்ல நிலையில் உள்ளது, போக்குவரத்துக்கு இடையூறு இல்லை" என்ற வரியை வைத்துக்கொண்டு தேதியை மட்டும் மாற்றி டைப் செய்யக் கொடுத்தேன். டைப் செய்யும் அம்மா அக்கரை கிராமத்துக்காரர். பாதி டைப் அடித்துவிட்டுக் கையில் தாளோடு என் மேசைக்கு வந்தார். "சார், இந்தப் பாலத்துல நடுவுல ஒரு துண்டே இல்லையே. நான் தினம் சுத்திக்கிட்டுத்தான் வர்றேன்." அவர் வேறு கரையில் பிறந்திருந்தால் அந்த வரி அச்சாகியிருக்கும். "தற்போது" என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் எழுதுவதே இல்லை. எந்தத் தேதியில், யார் போய்ப் பார்த்த நிலை என்று எழுதிவிடுவேன்.

எண்களில் எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய வட ஆற்காடு 1989-ல் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று பிரிந்தது. முன்னது பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. 2019 நவம்பரில் அந்த வேலூரும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் வேலூர் மாவட்டத்துக்கு 39 லட்சத்துக்கு மேல். அதே கணக்கை இன்றைய எல்லைக்குள் வைத்துப் பார்த்தால் சுமார் 16 லட்சம்தான். ஒரே பெயர், ஒரே கணக்கெடுப்பு, இரண்டு எண்.

இப்போது ஒருவர் 2018-19, 2021-22 இரண்டு வருடத்துக்கும் வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகளின் எண்ணிக்கையைக் கேட்கிறார். அட்டவணையில் எண் தலைகுப்புற விழும். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்குப் போய்விட்டன. வாலாஜா, மேல்விஷாரம் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டன. வேலூரில் மிஞ்சுவது பேரணாம்பட்டு போன்ற சில இடங்கள்தான். ஒரு குழாயும் மூடப்படாமலே மாசு குறைந்துவிட்டதாக ஒரு பதில் அச்சாகும். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் அடிக்குறிப்பும் போடவில்லை. உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல அமைப்பு வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, வட ஆற்காடு அம்பேத்கர் உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. எங்கள் பகுதியில் அந்த உத்தரவின் நிலை என்ன என்று இன்று கேட்டால் பதில் மூன்று மாவட்டங்களிலிருந்தும் வர வேண்டும். வேலூரில் மட்டும் விசாரித்து எழுதினால் பாதிக்கு மேல் விட்டுப்போகும். எந்த எண்ணுக்கும் பக்கத்தில் எந்தத் தேதி, எந்த எல்லை என்ற இரண்டும் இருந்தாக வேண்டும்.

"வழக்கு நிலுவையில் உள்ளது" என்பதைக் கேடயமாகப் பிடிப்பதும் உண்டு. ஆந்திர அரசு குப்பம் பக்கம் கணேசபுரத்தில் பாலாற்றின் குறுக்கே அணை கட்ட முற்பட்டபோது, 2006-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. வழக்கில் உள்ள விஷயத்தைக் கேள்வியாகக் கேட்கக் கூடாது என்று அவை விதியே சொல்கிறது, சரி. ஆனால் பாலாறு கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. மேலே அந்த 33 கிலோமீட்டரில் என்ன கட்டலாம் என்பதுதான் அந்த வழக்கு. கீழே நம் 222 கிலோமீட்டரில் எந்த நகராட்சியின் கழிவுநீர் எங்கே கலக்கிறது என்று சொல்ல அந்த வழக்கு தடையில்லை. "இது மாநிலப் பட்டியலில் உள்ளது" என்று டெல்லி ஒதுக்குவதும் இதே ரகம்தான். தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகள் மத்தியப் பட்டியலிலும் இருக்கின்றன. கேள்வியில் தன் பங்கு எவ்வளவோ அதற்கு மட்டுமாவது பதில் சொல்லலாமே.

"பரிசீலனையில் உள்ளது", "ஆவன செய்யப்படும்", "விவரங்கள் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்." இந்தச் சொற்களைப் பேனா தானாக எழுதும். இவை சும்மா மரியாதைச் சொற்கள் என்று நினைப்பதுதான் தவறு. மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிகளுக்கென்று ஒரு குழு இருக்கிறது. எந்தெந்தத் தொடர்கள் உறுதிமொழி ஆகும் என்று பட்டியலே வைத்திருக்கிறார்கள். "பரிசீலனையில் உள்ளது" அதில் ஒன்று. அப்படி எழுதிவிட்டால் மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் அவகாசம் கேட்டு விளக்கம் தர வேண்டும். நம் சட்டமன்றத்திலும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு. மாவட்டத்துக்கே நேரில் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். பரிசீலிக்கும் எண்ணம் இல்லையென்றால் "தற்சமயம் திட்டம் இல்லை" என்று எழுதிவிடுவது நல்லது. கேட்டவர் கோபப்படுவார், ஆனால் அவர் ஊர்க்காரர்கள் வராத சாலைக்காக வருடக்கணக்கில் காத்திருக்க மாட்டார்கள். பதிலை வாசிக்கும் பொதுமக்களுக்கும் இது பயன்படும். உங்கள் உறுப்பினருக்குக் கிடைத்த பதிலில் இந்தச் சொற்கள் இருந்தால் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து அவரிடம் போய் நினைவுபடுத்துங்கள்.

கடைசியாக, தப்பு என்று தெரிந்த பிறகும் திருத்தாமல் இருப்பது. 1957-ல் எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது பற்றி மக்களவையில் கேள்வி எழுந்தது. கிடைத்த பதிலோடு விடாமல் மக்களவை உறுப்பினர் பெரோஸ் காந்தி கடிதங்களோடு வந்து நின்றார். நீதிபதி சாக்ளா தலைமையில் ஆணையம் விசாரித்தது. நிதியமைச்சராக இருந்த நம்மூர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். எல்லாத் தவறும் அவ்வளவு தூரம் போகாது. மக்களவையில் அமைச்சரே எழுந்து தன் பதிலைத் திருத்தி அறிக்கை வைக்க வழி இருக்கிறது. பதிலில் பிழை இருப்பதை உறுப்பினர் சுட்டிக்காட்ட, சபாநாயகரின் 115-ஆவது வழிகாட்டுதல் இருக்கிறது. கீழே இருக்கும் நாம்தான் தப்பைக் கண்டுபிடித்தும் "இப்போ சொன்னா மெமோ வரும்" என்று வாயை மூடிக்கொள்கிறோம். மெமோ வந்தால் பதில் எழுதிக்கொள்ளலாம். முதலில் திருத்தத்தை மேலே அனுப்புங்கள்.

அப்புறம், கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி வையுங்கள்: ஒவ்வொரு எண்ணும் யார் கொடுத்தது, எந்தத் தேதிக்கு உரியது, மூன்று மாவட்டத்துக்கா ஒன்றுக்கா, களத்தில் போய்ப் பார்த்தது யார். அடுத்த வருடம் அந்த மேசைக்கு வருகிறவரும் பழைய கோப்பைத்தான் முதலில் புரட்டுவார்.