நீண்ட தூர ஓட்டத்துக்கு சப்ளிமென்ட்: எதை, எப்போது, எவ்வளவு?

பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்த கையோடு பலரும் பவுடர் டப்பா தேடக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். விளையாட்டுத் திறனை நேரடியாகக் கூட்டும் என்று நல்ல ஆதாரத்தோடு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழு 2018-இல் சொன்னவை ஐந்தே ஐந்து: கஃபீன், நைட்ரேட், கிரியாட்டின், பீட்டா-அலனைன், பைகார்பனேட். கடைசி இரண்டும் சில நிமிடங்களில் முடியும் கடும் முயற்சிகளுக்கு. கிரியாட்டின் உடம்பில் தண்ணீரைத் தேக்கி எடையைக் கூட்டும். ஆக, ஓடுகிறவருக்கு மிஞ்சுவது கஃபீன் தரும் காபியும் நைட்ரேட் தரும் பீட்ரூட்டும்தான்.

படி 1: முதலில் சர்க்கரை

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு வழியில் எதுவும் சாப்பிட வேண்டாம். அதற்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. அரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, அரை மூடி எலுமிச்சை. இது போதும். தாகம் இல்லாதபோதும் குடித்துக்கொண்டே இருக்காதீர்கள்; அளவுக்கு மீறினால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். அது நிஜமாகவே ஆபத்து.

படி 2: காபிக் கணக்கு

மூளையில் களைப்பை உணர்த்தும் அடினோசினின் வேலையைக் கஃபீன் தடுக்கிறது. அதனால் அதே வேகம் கொஞ்சம் சுலபமாகத் தோன்றும். எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம், ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. 60 கிலோ என்றால் 180 மில்லிகிராம். அதை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாகாது, படபடப்பும் வயிற்றுக் கலக்கலும்தான் கூடும்.

நம்ம ஃபில்டர் காபியில் இந்தக் கணக்கு உதைக்கும். சிக்கரியில் கஃபீனே கிடையாது. டிகாஷனும் வீட்டுக்கு வீடு மாறும். சிக்கரி கலக்காத இன்ஸ்டன்ட் தூள் என்றால் 2 கிராமுக்குச் சுமார் 60 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் தடவை உங்கள் எடைக்கு வரும் அளவில் பாதியோடு, பால் இல்லாமல் தொடங்குங்கள். மாலை ஓட்டம் என்றால் அன்றைய தூக்கம் போச்சு.

படி 3: பீட்ரூட்

இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் 2009-இல் நடந்த ஆய்வில், ஆறு நாள் தினமும் அரை லிட்டர் பீட்ரூட் சாறு குடித்தவர்கள் கடுமையாக சைக்கிள் மிதிக்கும்போது சுமார் 16% அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். பந்தய நேரம் 16% குறையும் என்று இதற்கு அர்த்தமில்லை. அங்கே கிடைப்பது ஓரிரு சதவீதம்தான். ஏற்கெனவே நன்றாகப் பழகிய வீரர்களுக்கு அதுவும் சந்தேகம்.

பச்சைப் பீட்ரூட்டை அரைத்துப் பிழியுங்கள். வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் நைட்ரேட்டில் ஒரு பங்கு அதோடு போய்விடும். ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே குடிக்க வேண்டும். அன்று மவுத்வாஷ் தொடாதீர்கள்: நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித் தருவதே வாயிலுள்ள பாக்டீரியாதான். அப்புறம், சிறுநீர் சிவந்தால் பதறாதீர்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்களும் ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

படி 4: ஒத்திகை

பந்தய நாளில் எதையும் முதன்முதலாக முயலாதீர்கள். வார இறுதியின் நீண்ட ஓட்டத்தில், பந்தயம் தொடங்கும் அதே நேரத்தில், ஒரு தடவைக்கு ஒன்றாகச் சோதியுங்கள். காபியையும் பீட்ரூட்டையும் சேர்த்துக் குடித்துவிட்டு வயிறு கலக்கினால் எதைக் குற்றம் சொல்வது?

படி 5: வாங்காமல் விடவேண்டியவை

இரும்புச்சத்து மாத்திரை, உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனைக்குப் பிறகுதான். வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைப் பெரிய அளவில் தினமும் விழுங்கினால், பயிற்சியால் தசையில் வரவேண்டிய மாற்றங்களே மட்டுப்படலாம். ஊக்கமருந்துச் சோதனை நடக்கும் போட்டிகளில் ஓடுகிறவர்கள், தனி ஆய்வகம் ஒவ்வொரு தொகுதியாகச் சோதித்துத் தரும் ‘இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்’ முத்திரை டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தடைசெய்த பொருள் கலந்திருந்தால், தெரியாமல் சாப்பிட்டேன் என்றாலும் பொறுப்பு உங்களுடையதே.